எழுத்து இல்லாமல் பார்த்த படங்கள்

இரண்டு பெண்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசைமேல் கிடந்தது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை, யாருக்கும் கெட்ட சேதி வரவில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் பட்டாணிதான். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த நான் ஊசியை நிறுத்தி, "இன்னாக்கா இது, எப்பதான் படம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "ஆரம்பிச்சு அர மணி நேரம் ஆவுதுடி" என்றார் மாடிவீட்டு அக்கா.

அது சுனாமிக்கு அடுத்த வருடம். கடலூர் செம்மண்டலத்தில் நான் இருந்த வீட்டின் மாடிக்கு அக்கா அப்போதுதான் குடி வந்திருந்தார். அவருடைய நாத்தனார் பாண்டிச்சேரியில் இருந்தார். பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் பார்த்து முடித்துப் போட்டுவிட்டுப் போகும் டிவிடிகளையெல்லாம் அந்த நாத்தனார் ஒரு துணிப்பையில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. மதியம் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில், டிவி சீரியல் அலுத்துப்போன ஒரு நாளில், சும்மா ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தப் படங்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சிநேகிதிகள் சந்தைக்குப் போவார்கள், மழையில் மாட்டிக்கொள்வார்கள், ஒரு நாய்க்குட்டிக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருப்பார்கள். நாலு நாள் கழித்து ஒருத்தி ரொட்டியோடு வந்து நிற்பாள். மற்றவள் எதுவும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்து வைப்பாள், அவ்வளவுதான். நம் படங்களில் சிநேகிதம் என்றால் ஒருவருக்காக ஒருவர் உயிரை விட வேண்டும். அங்கே ஒருத்தி மற்றவளுக்கு வெயில் படாமல் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவாள். எனக்கு அது உயிரை விடுவதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அப்படி எனக்கு நாற்காலி நகர்த்திப் போட அதுவரை யாரும் இருந்ததில்லை.

மொழி தெரியாததால் வசனத்தை நாங்களே பேசினோம். நெட்டைக்கு அக்கா, குட்டைக்கு நான். "ஏண்டி, உங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்காராமே?" என்பார் அக்கா நெட்டையின் வாய் அசைவைப் பார்த்து. "அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீ பேச்ச விட்டுட்டு பட்டாணிய உரி" என்பேன் நான். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. துணி கொடுக்க வருபவர்களிடம் தலையை ஆட்டிப் பதில் சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். அந்த மாடி அறையில், ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வாய்க்குள் புகுந்துகொண்டு மட்டும்தான் நான் தாராளமாகப் பேசினேன். அக்காவைத் தவிர அந்தக் குரலை வேறு யாரும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

நாலைந்து வருடம் இப்படிப் போனது. பிறகு அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. முதல் மாதம் தினமும் போன். அப்புறம் பேச்சில் ஒரு டீச்சர் வர ஆரம்பித்தார். எதிர்வீட்டில் இருப்பவர், ரிட்டயர் ஆனவர். "டீச்சர் நல்ல டைப்புடி." "டீச்சருக்கு அந்த நாய்க்குட்டிப் படம் ரொம்பப் புடிச்சிப்போச்சு." அந்த நாய்க்குட்டிப் படம் எங்களுடையது. ஒரு போன் பேச்சில் டீச்சர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று விரலை மடக்கி எண்ணியிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தானே புயலுக்கு முந்தின வருடம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மதியம் சிதம்பரம் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. அக்காவும் டீச்சரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு நடுவில் ஒரு தட்டு முறுக்கோடு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என்னைப் பார்த்தார். "வாடி!" என்று எழுந்திருப்பதற்கு முன்பே அவர் கை ரிமோட்டுக்குப் போய் ஒரு பட்டனை அமுக்கியது. எழுத்துகள் மறைந்தன.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றார் டீச்சர்.

"இவ வந்துட்டால்ல. நாங்க வேற மாதிரி பாப்போம்."

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பட்டன் இருப்பதே எனக்குத் தெரியாது. அக்காவின் விரல் அதைத் தேடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். நான் ஒன்பதாவதோடு நின்றவள். கடலூரிலும் அந்த எழுத்துகள் இருந்திருக்கின்றன, நான் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்கும்வரை.

அக்கா நெட்டைக்கு வசனம் பேச ஆரம்பித்தார். டீச்சர் மரியாதைக்குச் சிரித்தார். என் முறை வந்தது. குரல் வரவில்லை. "எழுத்தப் போடுங்கக்கா, எனக்கும் படிக்கத் தெரியும்" என்றேன். அக்கா மறுபடி அந்தப் பட்டனை அமுக்கினார்.

முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் ஒரு மூச்சு தள்ளிச் சிரித்தேன். பிறகு அவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் நான் படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் அவர்கள் சாய்ந்திருந்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னோடு ஒரு நாள்கூட அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. என்னோடு பார்க்கும்போது முதுகை நிமிர்த்தி, நெட்டையின் வாயையே பார்த்து, அடுத்து என்ன சொல்லலாம் என்று தயாராக இருப்பார்.

பஸ் ஸ்டாண்டு வரை அக்கா வந்தார். கடலூர் பஸ் வரக் காணோம்.

"ஏண்டி, படிக்க முடியலன்னா சொல்ல வேண்டியதுதான? நிறுத்தியிருப்பேன்ல?"

"நிறுத்துவீங்கன்னுதாங்க்கா சொல்லல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது தப்பாடி?"

"தப்புன்னு சொல்லல. டீச்சருக்காக நீங்க எதையும் நிறுத்த வேணாம் பாருங்க."

இத்தனை வருடத்தில் அக்காவிடம் நான் சொந்த வாயால் பேசிய ஒரே சூடான வார்த்தை அதுதான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "டீச்சர்கிட்ட நான் எதையும் பேசவும் வேணாம்டி. எல்லாம் கீழ எழுதியிருக்கு" என்றார்.

அந்தப் பதில் புவனகிரி வரை எனக்கு ஆறுதலாக இருந்தது. பஸ் அந்த ஊரைத் தாண்டியதும், அந்தக் கட்டிலும் முறுக்குத் தட்டும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. இவ்வளவு காலம் கழித்தும் அவை எழுந்து போகவில்லை. இப்போதும் அக்கா போன் செய்யும்போது பின்னால் டீச்சர் குரல் கேட்டால், "தையல் நெறைய இருக்குக்கா, வச்சிடறேன்" என்பேன். "ஜாஸ்தி பண்ணாத, பேசுடி" என்பார் அக்கா.

பேசுவேன்.