மொபெட்டைத் துரத்திப் பிடித்த கதை

எங்கள் தெருவிலேயே வேகமாகச் சைக்கிள் மிதிப்பவள் நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, ஆதாரம் இருந்தது. பதினோரு வயதில், பின்னால் ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு, அவனியாபுரத்திலிருந்து பெருங்குடிக்கு அப்பால் வரை ஒரு மொபெட்டைத் துரத்திப் பிடித்தவள் நான். கல்லூரித் தோழிகளிடமும், வேலைக்குச் சேர்ந்த இடத்திலும், என்னைப் பெண் பார்க்க வந்தவரிடமும்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னையே கட்டிக்கொள்ளவும் செய்தார்.

அது ஒரு மே மாதம். எனக்கும் பக்கத்து வீட்டு ரிஸ்வானாவுக்கும் பள்ளி விடுமுறை. அவளுடைய அத்தா டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். பிழையாக அச்சாகி வீணாய்ப்போன கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் யார் யாரோ கல்யாணம் செய்துகொள்வார்கள். மறுபக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில்தான் எங்கள் கோடை முழுக்கக் கழிந்தது. ரிஸ்வானா படம் வரைவாள், நான் வண்ணம் தீட்டுகிறேன் என்று கெடுப்பேன். அவள் ஒரு நாளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. வெயில் தாழ்ந்ததும் இருவருமாக என் சைக்கிளில் சுற்றுவோம். பழைய சைக்கிள். அப்பா யாரிடமோ வாங்கிப் போட்டதை, மாமா தன் ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் பிரித்து மாட்டி எனக்காகத் தயார் செய்து கொடுத்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இருசக்கர வண்டி மெக்கானிக். அப்போது கல்யாணமாகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவருக்குப் பேச்சு குறைவு. அக்கா சொன்னால் மறுபேச்சு என்பது கிடையவே கிடையாது.

நாங்கள் வரைந்த படங்களில் முக்கால்வாசி ஜாங்கிரியின் படங்கள். ஜாங்கிரி எங்கள் பூனை. அந்த நிறத்தில், அதே மாதிரி சுருண்டு படுத்திருக்கும். நெத்திலித் தலைக்காக யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகும், தூங்க மட்டும் என் காலடிக்கு வந்துவிடும். சொந்தம் என்று நான் நினைத்த முதல் உயிர் அதுதான்.

அந்த மாதம்தான் சித்திக்குக் குழந்தை பிறந்தது. அம்மாச்சி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தொட்டிலில் போட வந்த அம்மா, சேலையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஏற்கெனவே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா போட்ட சத்தத்தில் குழந்தை அழுதது, சித்தி அழுதாள், ஜாங்கிரி மட்டும் சோம்பல் முறித்து இறங்கிப் போனது.

அன்று மத்தியானமே தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது.

"பச்சப்புள்ள இருக்க வீட்டுல இனிமே பூன ஆகாது. தம்பி, நாளைக்கிக் காலையில சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயி, தண்ணி தாண்டி விட்டுட்டு வந்துரு."

தண்ணீரைத் தாண்டி விட்டால் பூனைக்குத் திரும்பிவர வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமா சாப்பிட்டுக்கொண்டே "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். முந்தின வருடம் பின்தெருவில் இப்படிக் கொண்டுபோய் விட்ட பூனையை நாய்கள் என்ன செய்தன என்று பையன்கள் விலாவாரியாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது முழுக்க ஞாபகம் வந்தது. அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அன்று நான் மாமாவை வெறுத்த மாதிரி பிறகு யாரையும் வெறுத்ததில்லை.

சாயங்காலம் மாமா வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "காலையில ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிருவேன், பெருங்குடிப் பக்கந்தான்" என்று அம்மாவிடம் சொன்னார். சித்தியிடமும் சொன்னார். கொல்லைப்பக்கம் நானும் ரிஸ்வானாவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, குடத்தில் தண்ணீர் மொண்டபடி அதையே குடத்திடமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். ரிஸ்வானாதான் என் கையைக் கிள்ளினாள்.

"அடியே, நம்மளும் பின்னாடியே போவோம். எங்க விடுறாருன்னு தெரிஞ்சா போதும்ல."

மறுநாள் காலையில் எங்களுக்கு எல்லாமே அதிர்ஷ்டமாக அமைந்தது. காற்று இறங்கிக் கிடந்த பின்சக்கரம் எப்படியோ கல் மாதிரி இருந்தது. மாமா சாக்கின் வாயைக் கட்டுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் கடைக்குப் போவதாகச் சொல்லி சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். ரிஸ்வானா ஒரு கல்யாணப் பத்திரிகையும் பென்சிலுமாக வந்து கேரியரில் ஏறினாள். திரும்பிவர வழி வேண்டுமல்லவா, அவள் படம் வரைந்துகொண்டே வருவதாக ஏற்பாடு.

மாமா சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் மிதித்தேன். அப்படியொரு மிதி என் வாழ்க்கையில் மிதித்ததில்லை. மொபெட் தெருமுனை திரும்பும்போது நானும் திரும்பினேன். பஸ் ஸ்டாப் தாண்டும்போது நானும் தாண்டினேன். ஷேர் ஆட்டோக்கள் மாமாவையே முந்திக்கொண்டு போயின. எனக்கோ நான் அவற்றுக்கு இணையாகப் போகிற மாதிரி இருந்தது. கால் ஓய்ந்து நான் பின்தங்கும் நேரம் பார்த்து மாமாவின் வண்டி நின்றுபோகும். இறங்கி பிளக்கைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார், வானத்தைப் பார்ப்பார். நாங்கள் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வோம். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். ரிஸ்வானா துஆ கேட்டாள். வண்டி நின்றது யாருடைய வேண்டுதலால் என்று கேரியரிலிருந்து ஒரு வாக்குவாதம் வேறு நடந்தது.

சிக்கல் ரிங் ரோட்டில் வந்தது. அதைத் தனியாகத் தாண்டக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம். அப்போது அங்கே சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் லாரிகள் விடாமல் வந்தன, ஒவ்வொன்றும் கடக்கும்போது பாவாடை படபடத்தது. மாமா சாலைக்குள் இறங்கிவிட்டார். அவ்வளவுதான், இனிப் பிடிக்க முடியாது என்று பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டேன். ரிஸ்வானா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வேணாண்டி, செத்துருவோம்" என்றாள்.

சரியாக நடுரோட்டில் மாமாவின் வண்டி நின்றுபோனது.

இந்தப் பக்கம் ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் வந்தவை எல்லாம் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்ட ஆரம்பித்தார். மாமா குறுக்கே நின்றபடி பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார், தலையைக் குனிந்திருந்தார். பாவம், வெட்கத்தில் குன்றிப்போய்விட்டார் என்று நினைத்தேன். அத்தனை வெறுப்பிலும் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனால் கிடைத்த இடைவெளியை விடுவேனா? அவர் கண்ணில் படாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு, நின்ற பஸ்ஸை ஒட்டியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் ஓடினோம். எதிர்ப்பக்க டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்த பிறகு எட்டிப்பார்த்தால், மாமாவின் வண்டி ஒரே மிதியில் கிளம்பிவிட்டது.

பெருங்குடி தாண்டி ஒரு வாய்க்கால் பாலம். மே மாதத்தில் அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதைத் தாண்டி வலதுபக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம், நடுவில் மோட்டார் அறை. பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மாமா சாக்கை அவிழ்த்துக் கொடுத்தார். ஜாங்கிரி வெளியே வந்து, நாலாபக்கமும் பார்த்து, உடம்பை நக்க ஆரம்பித்தது. நாங்கள் வேலிக்குப் பின்னால் இருந்தோம்.

"எலித்தொல்ல இருக்குன்னு சொன்னீகள்ல மதினி. இங்கேயே கெடக்கட்டும். தெனமும் காலையில பத்து மணி வரைக்கும் நீங்க இங்கதான இருப்பீக?" என்று மாமா தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று ரிஸ்வானா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

திரும்பும்போதும் அவர் வண்டிக்கு அதே கோளாறு, அதே ரிங் ரோடு, கிட்டத்தட்ட அதே திட்டு. வீடு வந்தபோது அம்மா கரண்டியோடு வாசலில் நின்றாள். "நாந்தேன் ஒர்க்‌ஷாப்புல போயி காத்தடிச்சிட்டு வாங்கன்னு அனுப்புனேன்க்கா" என்றார் மாமா. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு ஏதோ ஒரு நாளை நினைத்துக்கொண்டு சொல்கிறார், நமக்கு நல்லதுதான் என்று பேசாமல் இருந்துவிட்டோம். "தண்ணி தாண்டித்தான விட்ட?" என்று அம்மா கேட்டாள். "வாய்க்காலத் தாண்டிதான்க்கா" என்றார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் கீறல்கள் சிவந்திருந்தன. கிணற்றடிக்குப் போய்க் கழுவிக்கொண்டார்.

ரிஸ்வானாவின் படம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கோணல்மாணலாக இருந்தது. குலுக்கலில் புளியமரங்கள் எல்லாம் மின்னல் மாதிரி வந்திருந்தன. ஆனால் வழி சரியாக இருந்தது. அந்த விடுமுறையில் பிறகு வந்த சனிக்கிழமைகள் எல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துத் தோட்டத்துக்குப் போனோம். ஆச்சரியம் என்னவென்றால், சனிக்கிழமைகளில் மாமாவுக்கும் பெருங்குடிப் பக்கம் ஏதாவது வேலை இருந்தது. எங்களுக்கு முன்னால் எங்காவது அவர் வண்டி நின்றுகொண்டிருக்கும். தோட்டத்து அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. எங்களுக்குத் தூக்குச்சட்டியிலிருந்து பழைய சோறும் மோரும் தருவார். ஜாங்கிரி அங்கே ஆறேழு வருடம் கொழுத்துத் திரிந்தது. போகிறபோதெல்லாம் அடையாளம் கண்டு காலைச் சுற்றும். ஒரு நாய்கூட அதைத் தொடவில்லை. அந்தக் கோடைக்கும், அந்தத் தோட்டத்துக்கும், கேரியரில் உட்கார்ந்து கோடு இழுத்தவளுக்கும் நான் இன்றுவரை கடன்பட்டவள்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தீபாவளியன்று மாமாவிடமே பெருமையடித்தேன், அவரைத் துரத்திப் பிடித்த கதையைச் சொல்லி. அதிரசத்தை மென்றுகொண்டே கேட்டார்.

"அடேயப்பா, அம்புட்டு வேகமாவா மிதிச்ச?" என்றார்.

ஆமாம் என்றேன்.

போன மே மாதம் என் மகள் சைக்கிள் பழகினாள். முதன்முதலாக அவளைக் கடைத்தெரு வரை அழைத்துப் போனேன். நான் ஸ்கூட்டரில் முன்னால், அவள் பின்னால். சைக்கிளின் வேகத்துக்கு ஒரு ஸ்கூட்டரை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி தள்ளாடுகிறது, காலை ஊன்றி ஊன்றிப் போகவேண்டியிருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. அரைக் கிலோமீட்டரில் எனக்கு அலுத்துவிட்டது. வெயில் வேறு. என் காலடியில் நகத்தோடு ஒரு பூனையும் இல்லை.

மெயின் ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கார் வேகமாக வந்தது. யோசிக்காமலே ஸ்கூட்டரை நடுவில் நிறுத்திவிட்டேன். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கைப்பிடிக் கண்ணாடியில் மகளின் முன்சக்கரம் தெரிகிறதா, ரோட்டில் இறங்கிவிட்டாளா, பயப்படுகிறாளா என்று தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். "அம்மா, நான் உன்னய முந்திட்டேன்" என்று கத்தினாள்.

நான் அங்கேயே நின்றேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக நான் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட ஒரு காலைப்பொழுதில், ரிங் ரோட்டின் நடுவில், அத்தனை லாரிகளின் வசவையும் வாங்கிக்கொண்டு மாமா தலையைக் குனிந்து நின்றார். அது வெட்கம் இல்லை. அவர் வண்டிக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.