மண்பெட்டி மேல் ஒரு புருஷனும் மனைவியும்

போன கோடையில் எங்கள் மேடம் குடும்பத்தோடு இத்தாலி போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். வோல்டெர்ரா என்ற மலையூர். ரோமர்களுக்கும் முந்தி எட்ருஸ்கர்கள் வாழ்ந்த இடமாம். அங்கிருந்த மியூசியத்தில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி நடந்தேன்.

ஓரிடத்தில் கால் நின்றுவிட்டது. இறந்தவர்களின் சாம்பலை வைக்கிற சுட்ட மண்பெட்டி. அதன் மூடியில் சிலையாக ஒரு கிழவரும் கிழவியும், அந்தக் காலத்து வழக்கப்படி ஒரே கட்டிலில் விருந்துக்குச் சாய்ந்திருந்தார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "போட்டோ எடுத்துக்கோ" என்றார்.

நான் அபுதாபியில் மேடம் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் அதே ஊரில், முசஃபாவில் மெக்கானிக். அவர் தங்கியிருக்கிற லேபர் கேம்ப்பில் பெண்களை விடமாட்டார்கள். ஞாயிறு மாலை பார்க் பெஞ்சில்தான் எங்கள் குடித்தனம்.

திரும்பி வந்த ஞாயிறு அவரிடம் போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"செத்த பொறகாவது ஒரே ரூம் கெடச்சிருக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த விசாவோட கலாஸ், முடிஞ்சுது. ரெண்டு பேரும் நம்ம ஊரு அட்டனுக்கே போயிருவோம்."

"போன வாட்டியும் இதத்தான் சொன்ன. மொதல்ல சாப்பிடு."

பரோட்டாவைப் பிய்த்து என் பக்கம் நகர்த்தினார். நான் சாப்பிடாமல் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணோரமெல்லாம் சுருக்கம். அதெல்லாம் விழுந்தபோது நான் பக்கத்தில் இல்லை.