நின்றபடி படித்த ஆறாம் படிவம்

ஈரத் தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், யார் மடியிலோ சூடு ஆறாமல் இருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை, இவற்றுக்கெல்லாம் மேலாக டீசல் புகை. இவை கலந்த வாசனைக்கு எங்கள் தோட்டத்தில் 'கிலாங் பஸ்' வாசனை என்று பெயர். கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை. விடிவதற்கு முன்பே எங்கள் லயத்து வரிசைவீடுகளின் முனையில் வந்து நின்று ஹார்ன் அடித்து, பெண்களை ஏற்றிக்கொண்டு ஆயர் குரோ தொழிற்பேட்டைக்குப் போகும் அந்த பஸ்ஸை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதிலிருந்தே நாங்கள் ஆசையோடு பார்த்து வளர்ந்தோம். ரப்பர் எடுக்கும் பால்மரக் காட்டில் கொசுக்கடியில் நிற்கும் எங்கள் அம்மாக்களுக்கு, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்து, சம்பள நாளில் புதுச் செருப்போடு இறங்கும் அந்த அக்காமார்கள்தாம் பிழைத்துக்கொண்டவர்கள்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அலுவலகத்திலும் எழுதி வைக்காத வழக்கம் அது. ஆனால் யாரும் மீறியதில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானால் அவள் இருக்கை காலியாகும், அந்த இருக்கைக்கு லயத்தில் அடுத்ததாக ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பெண் வந்து உட்காருவாள். "சரசு சீட்டு யாருக்கு?" என்று கல்யாணப் பந்தலிலேயே பேச்சு நடக்கும். பெண் எத்தனை பாடத்தில் தேறினாள் என்று எவரும் கேட்பதில்லை. தேறினாலும் அதே சீட்டு, தவறினாலும் அதே சீட்டுதான். அதில் ஒருவிதச் சமத்துவம் இருந்தது என்று இன்று சிலர் சொல்லக் கேட்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எனக்கும் மல்லிகாவுக்கும் எஸ்.பி.எம். முடிவு வந்த சமயத்தில் சரசு அக்காவுக்குத் தாலி ஏறியது. மல்லிகா அடுத்த வீட்டுப் பெண். என்னோடு முதல் வகுப்பிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எங்கள் இருவரையும் இடைநிலைப்பள்ளியில் 'புதுமுக வகுப்பு' என்று ஓராண்டு கூடுதலாக உட்கார வைத்திருந்தார்கள். அதனால் ஐந்தாம் படிவம் முடித்தபோது எங்களுக்கு மற்றவர்களைவிட வயது ஒன்று அதிகம். இருவருக்கும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தது. பள்ளி மலாக்கா டவுனில் இருந்தது. தோட்டத்திலிருந்து அந்த நேரத்துக்கு டவுன் பக்கம் போகிற வண்டி கிலாங் பஸ் ஒன்றுதான்.

பஸ்ஸுக்கு ஆள் சேர்ப்பவர் புஷ்பம் அக்கா. தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே 'லீடர்'; லயத்தில் அவர் சொல் எடுபடும். ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே, "மாரியக்கா, சரசு சீட்டு ஒங்க மவளுக்குத்தான். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன், திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றார். பால் வாளி கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "வருவா" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு வரை அம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் படிப்பு ஒரு சொல்லில் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், என் வெள்ளைச் சட்டையும் நீலப் பினஃபோரும் இஸ்திரி போட்டு நாற்காலியில் கிடந்தன. நான் விழித்ததைப் பார்த்து அம்மா, "சீட்டு குடுத்தாங்க, ஏறிக்க. எங்க எறங்குறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்" என்றார். அவ்வளவுதான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மர வெட்டுக்குப் போய்விட்டார்.

பள்ளிச் சீருடையில் நான் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் ஒரு வயதான மலாய்க்காரர், மாமா என்ற பொருளில் நாங்கள் பாக்சிக் என்போம். இது தொழிற்சாலை பஸ், பள்ளி பஸ் இல்லை என்று அவர் மலாயில் முணுமுணுத்தார். எல்லாரும் புஷ்பம் அக்காவைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் ஆள் தருவதாக வாக்குக் கொடுத்தவர், எல்லார் முன்னாலும் ஏமாற்றப்பட்டவர், அவர் என்னை அங்கேயே இறக்கிவிட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். "சீட்டு வேலைக்கிப் போறவளுக்கு. படிக்கப் போறவ நின்னுக்கிட்டு வரட்டும்" என்றார். பாக்சிக் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். நான் நின்றேன்.

என் ஆறாம் படிவம் முழுவதும் நான் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு சின்ன விளக்கு எரியும். கம்பியை ஒரு கையில் பிடித்து, புத்தகத்தை மறு கையில் விரித்து, வளைவு வரும்போது விழாமல் ஒரு பத்தியை முடிக்கப் பழகினேன். இடம் காலியாக இருந்தபோதும் யாரும் உட்காரச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆயர் குரோ சந்திப்பில் அவர்கள் உள்ளே திரும்புவார்கள். நான் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆனால் காலியாக இருந்த சரசு அக்காவின் சீட்டு அடுத்த வாரமே நிரம்பிவிட்டது. மல்லிகா வந்து உட்கார்ந்தாள். அப்பா இல்லாத வீட்டில் அவளுடைய தாய்மாமாதான் எல்லாம் முடிவு செய்தார், "மூத்த பொண்ணு படிச்சிக்கிட்டே இருந்தா கீழ உள்ளதுங்கள யாரு பாக்குறது?" என்பது அவர் நியாயம். அவள் அழுது வீங்கிய முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கொஞ்ச தூரம் போனதும் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள், பிறகு மூடிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவள் மாமா மீதோ புஷ்பம் அக்கா மீதோ மட்டுமல்ல அந்தக் கோபம். நல்ல மூளையை மின்னணுச் சில்லுக்குக் கம்பி ஒட்ட அனுப்பிவிட்டு, அதைப் 'பிழைப்பு' என்று மெச்சிக்கொள்ளும் பழக்கத்தின் மீது.

லயத்தில் ஐந்தாம் படிவத்துக்கு மேல் பினஃபோர் போட்டவர்கள் அதற்கு முன் இல்லை. எனவே தோட்டம் ஒரு முடிவுக்கு வந்தது: இந்தப் பெண் 'பெயில்'. பத்தொன்பதாவது வயதிலும் சீருடை போட்டுக்கொண்டு திரிகிறவள் வேறு யாராக இருக்க முடியும்? கோயில் பொங்கலில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்த அம்மாள், விசாரித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பொண்ணு பெயிலாமே மாரியக்கா. சொல்லவே இல்லலா" என்றார்.

நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்து மறுக்க வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கையால் அமர்த்திவிட்டு, ரொம்பவும் வருத்தமான குரலில், "ஆமாங்க, நல்லா பெயிலாயிட்டா. பாஸாவுற வரைக்கும் அனுப்பிக்கிட்டேதான் இருப்பேன், வேற என்ன செய்யிறது?" என்றார். வந்தவர் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். அந்தப் பெயில் என்ற பேரை அம்மா எனக்காகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார், ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடியும்வரை எந்த வரனும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நான் கேட்டது கணக்கியல், கொடுத்தது மண்ணியல். அது நம் பிள்ளைகள் பலருக்கும் நடப்பதுதான். ஒன்றைக் கேட்டால் கேட்காத ஒன்று வரும், அதையும் வேண்டாமென்றால் ஒன்றுமே இராது. தோட்டமே சிரித்தது. "மண்ணு படிக்க யுனிவர்சிட்டியா? இங்க இல்லாத மண்ணா?" என்றார்கள். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கி ஒதவாது" என்று மல்லிகாவின் மாமா பழமொழி சொன்னார். "கறிக்கி நான் வேற காய் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா என் பெட்டிக்குக் கயிறு கட்டினார்.

பல்கலைக்கழகம் என்னைச் சொர்க்கத்தில் உட்கார வைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். விரிவுரை புரியாமல் விழித்தேன், வாய் திறக்கக் கூசினேன், நூலகத்தில் கிடந்து மற்றவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொண்டு வந்ததை எல்லாம் தனியாகக் கற்றேன். பட்டத்தோடு திரும்பி, வேலை கிடைக்காமல் டியூஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தில் பழமொழிக்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பிறகுதான் மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை அமைந்தது. என் சம்பளத்தைவிட லாரி ஓட்டும் என் தம்பிக்குச் சில மாதங்களில் அதிகம் வரும். சரி, வரட்டும். எனக்குக் கிடைத்தது வேறு. எந்த அலுவலகத்திலும் எவர் காகிதத்தை நீட்டினாலும், "இருங்க, படிச்சிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்று சொல்கிற திமிர் என்னிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான், அதை எந்த விலைக்கும் கொடுக்கமாட்டேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. லயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கிலாங் பஸ்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் வேறு நாட்டிலிருந்து வந்த பெண்கள் கண்ணயர்ந்து போகிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மல்லிகாவின் தொழிற்சாலை இடம் மாறிப் போனது, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனது. நாங்கள் இருவரும் தங்கா பத்துவில் ஒரே தாமான் குடியிருப்பில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம்.

போன மாதம் மல்லிகாவின் மகளுக்குக் கடல் கடந்த சபா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விமானம் ஏறிப் போக வேண்டும். சேதி கேட்டு வந்த உறவெல்லாம் அவள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, அவ்வளவு தூரம் எதற்கு, பட்டம் வாங்கியவனெல்லாம் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், பெண் பிள்ளை வேறு, என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மல்லிகா முந்திக்கொண்டாள். மகளின் துணிகளை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"வேல கெடைக்கலன்னா என்ன இப்ப? படிச்சவளா வீட்டுல இருந்துட்டுப் போவட்டும். படிக்காம வீட்டுல இருக்கிறது எப்பிடின்னு எனக்குத் தெரியும்லா."

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.