வீராம்பட்டினத்துக்குப் போன ஐஸ் வண்டிகள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் அங்கே போனது 1959 கார்த்திகையில், அக்கா சரோஜாவைப் பார்க்க. எனக்குக் கல்யாணம் ஆகாத வயது. கடலைப் பார்த்ததில்லை.

ரயிலில் இருபத்துநாலு மைல். முந்தின நாள்தான் புயல் கரையைக் கடந்திருந்தது. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். ரயில் மேகத்துக்குள் போவது போலிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய் ஐந்து வருடமாகியிருந்ததால், சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டும் தொல்லை இல்லை.

அக்காவும் மாமாவும் புதுச்சேரியில் உப்பளம் என்ற பகுதியில் ஐஸ் தொழிற்சாலை நடத்தினார்கள். இயந்திரம் மாமாவின் பொறுப்பு; தண்ணீரும் ஆட்களும் அக்காவின் பொறுப்பு. மீனுக்குப் போடும் ஐஸ்தான் என்றாலும் குடிக்கிற தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்பாள். மில் வேலை போன பெண்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்திருந்தாள். தெருக்காரர்கள் தண்ணீர் பிடித்துக்கொள்ள வெளிச்சுவரில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

ஐஸ் அறையைத் திறந்து காட்டினாள். வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. கட்டிகளுக்குள் நீல வெளிச்சம் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே வரவே மனமில்லை எனக்கு.

அப்போதுதான் பக்கத்து மீனவர் ஊரான வீராம்பட்டினத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அங்கெல்லாம் அக்காவைப் பிரெஞ்சுப் பழக்கத்தில் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடலு ஊருக்குள்ள பூந்துட்டுது மதாம். கெணறு எல்லாம் உப்பு. புள்ளைங்க தண்ணிக்கு அழுவுதுங்க."

புயலில் மின்சாரம் போய், ஊர்க்குழாய்களும் வறண்டிருந்தன. தொழிற்சாலையில் மீந்திருந்தது ஐஸ் மட்டும்.

"ஐஸை அனுப்பிடலாங்க," என்றாள் அக்கா.

மாமா தலையைச் சொறிந்தார். "கடலூர் வியாபாரிக்கு வாக்குக் குடுத்துட்டேனே சரோஜா. சாயங்காலம் லாரி வந்துடும். அவரை நம்பித்தான கம்பெனியே ஓடுது?"

"லாரி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மாமா ஓடாத இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். "மரத்தூள் வேணாம். புது சாக்கா போட்டு மூடுங்க. குடிக்கிற தண்ணி அது."

மூன்று மாட்டு வண்டிகள். அக்காவும் நானும் முதல் வண்டியில். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் வெயில் வந்தது. சாக்கின் இடுக்கில் புகை எழுந்து, மாடுகளுக்குப் பின்னால் தனி மேகமாக எங்களோடு வந்தது. சாலை நெடுக ஐஸ் சொட்டிக்கொண்டே போயிற்று. விழுந்து கிடந்த தென்னைகளுக்கு அப்பால் முதல் தடவையாகக் கடல் தெரிந்தது. பால் கலந்தது போல, சத்தமில்லாமல் கிடந்தது. இதுவா ஊருக்குள் புகுந்தது என்று நம்ப முடியவில்லை.

ஊரில் யாரும் பாத்திரத்தோடு நெருங்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டேவிட்டாள்.

"மீனுக்குப் போடற ஐஸாச்சே மதாம். குடிச்சா புள்ளைக்கு ஏதாவது ஆயிடாதா?"

அக்கா கோபப்படவில்லை. ஒரு துண்டை உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்பி, குளிரில் கண் கலங்கி, பேச முடியாமல் நின்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அண்டாக்களும் குடங்களும் வந்தன. ஐஸ் உருக உருக, ஊரே சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லாரி காலியாகத் திரும்பியது. கடலூர் வியாபாரமும் அதோடு போயிற்று. ஒரு வருடம் கம்பெனி பாதி நாள்தான் ஓடியது. அந்த வருடத்திலேயே மாமா, ஆட்களோடு நின்று, வீராம்பட்டினத்தில் ஆழமாகத் தோண்டி ஓர் அடிபம்பு போட்டுக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: காலையில் வீராம்பட்டினம், வெயில் தாழ்ந்ததும் நோணாங்குப்பத்தில் படகு. வீராம்பட்டினத்து ஆடித் திருவிழாவுக்குப் போவதானால் தங்குமிடத்தை முன்பே பேசிவிடுங்கள். உப்பளத்தில் அந்தத் தொழிற்சாலையைத் தேடாதீர்கள், இப்போது அங்கே வீடுகள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யார் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடல் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

பம்பு போட்ட அன்று மாமாவிடம் கேட்டேன், வியாபாரம் போனதில் வருத்தமில்லையா என்று.

"இல்லாம இருக்குமா? நல்ல வியாபாரம்மா அது," என்று சிரித்தார். "ஆனா அன்னிக்கு லாரியில ஏத்தியிருந்தேன்னா, உங்க அக்கா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"