ஓர்னாவின் வேர்க்கடலை

ஓர்னா காபாய் லண்டன் ஹெண்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மாணவர்களை அவள் திட்டுவது, கண்ணாடி ஏற்றியிருந்தாலும் தெரு முழுக்கக் கேட்கும். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அது பழக்கம். ஆனால் போன யூதப் பாஸ்கா பண்டிகைக்கு முன்பு அவள் வீட்டிலிருந்து வந்த சத்தம் வேறு மாதிரி.

அவள் மூத்த மகன் ஆஷருக்கு வேர்க்கடலை ஆகாது. இரண்டு வயதில், ஒரு பிறந்தநாள் விருந்தில் யாருடைய பிஸ்கட்டையோ கடித்தான். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்சில் போனான். அன்றிலிருந்து அவன் போகுமிடமெல்லாம் ஊசி மருந்தும் போகிறது.

ஓர்னா பிறந்த இஸ்ரேலின் ராமத் கானில், பல் முளைக்காத பிள்ளைகள்கூட வேர்க்கடலைப் பொரியைச் சப்பிக்கொண்டேதான் தவழும். அவள் தங்கையின் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஷர் கைக்குழந்தையாக இருந்தபோது தங்கை ஒரு பெட்டி நிறைய அனுப்பினாள். கிளினிக் நர்ஸ் பதறிவிட்டார். குடும்பத்தில் ஆஸ்துமா இருக்கிறதே, மூன்று வயது வரை கண்ணில்கூடக் காட்டாதீர்கள் என்றார். அப்போது இங்கே அப்படிப்பட்ட எல்லோருக்கும் சொன்னது அதுதான். ஓர்னா பெட்டியைக் குப்பையில் போட்டாள்.

சில வருஷம் கழித்து அதே ஆட்கள் தலைகீழாகச் சொன்னார்கள்: சீக்கிரம் கொடுங்கள், அதுதான் அலர்ஜியைத் தடுக்கும்.

"யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா? 'அறிவுரை மாறிடுச்சு'ங்கறாங்க. என்னமோ பஸ் ரூட்டு மாறின மாதிரி!" என்று என் மேஜையை அறைந்தாள்.

இரண்டாவது குழந்தை தாமாருக்குக் கன்னமெல்லாம் சொறி; அதுவும் அலர்ஜிக்கு முன்னறிகுறிதான். இந்த முறை ஓர்னா யாரையும் நம்பவில்லை. பெரிய டாக்டரிடம் நேராகப் போனாள். தோலில் சோதனை செய்து, பயமில்லை என்று கண்டு, முதல் வாயை அவர் தன் எதிரிலேயே ஊட்டவைத்தார். ஆரம்பித்தால் வாரத்துக்கு மூன்று தடவை விடாமல் கொடுக்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்றார்.

அவள் புருஷன் மார்ட்டின் ஒரே பிடியாக நின்றான். "ஆஷர் இருக்கற வீட்டுக்குள்ள அது வரக் கூடாது." அது நியாயம்தான். அதனால் என் சமையலறை. வேர்க்கடலை விழுதை வெதுவெதுப்பான நீரில் நீர்க்கக் கரைத்து ஊட்டுவாள். பிறகு முகம், கை கழுவி, உடுப்பு மாற்றித் தூக்கிப்போவாள்.

பண்டிகை நெருங்கியது. அந்த எட்டு நாளும் மார்ட்டின் வீட்டார் அரிசி, பயறு, கடலை எதையும் தொடமாட்டார்கள். அவனுடைய அக்கா எஸ்டெல், பண்டிகைக்காக அலமாரி கழுவ வந்தவள், விஷயத்தைக் கேள்விப்பட்டாள். நான் இரவல் வாங்கிய ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சண்டை உச்சத்தில் இருந்தது.

"எட்டு நாள் நிறுத்தினா குடியா முழுகிடும்? நம்ம வீட்டு வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அது உங்க வழக்கம், அண்ணி. பாக்தாத்துலேர்ந்து வந்த எங்க ஆளுங்க பண்டிகைக்குச் சோறே சாப்பிடுவாங்க."

"கல்யாணம் ஆனா புருஷன் வீட்டு வழக்கம்தான்."

"அப்ப இவளுக்கும் மூச்சு நின்னா உங்க வழக்கம் வந்து ஊசி போடுமா?"

"பெரியவன் பட்டதைப் பார்த்தும் திரும்ப அதையே ஊட்டறியே. நீயெல்லாம் ஒரு தாயா?"

ஓர்னாவின் முகம் வெளுத்தது. "அவனுக்குக் கொடுக்கல அண்ணி. அதான் நான் பண்ண தப்பு." பிறகு கதவருகே நின்ற மார்ட்டினிடம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்காத. வாயத் திற."

அவன் ஃபோனை எடுத்து, அவர்கள் மதகுருவான ரப்பியை அழைத்தான். அவர் குரல் எங்களுக்கும் கேட்டது: "பச்சைக் குழந்தைக்கு ஏதுப்பா அந்தத் தடை? தாராளமாக் கொடுங்க. இதுக்கா கூப்பிட்டீங்க?"

"நேத்து வந்த ரப்பி, அவருக்கு என்ன தெரியும்?" என்றாள் எஸ்டெல். பையை எடுத்தாள். "இந்த வருஷம் விருந்துக்கு என்னை எதிர்பார்க்காதீங்க."

யாரும் தடுக்கவில்லை.

பண்டிகை நடுவில் ஒருநாள் ஓர்னாவின் மாணவிக்கு லைசன்ஸ் டெஸ்ட். தாமாரை அன்று மறந்துவிடுவார்களோ என்று நினைத்தேன். கதவு தட்டப்பட்டது. குழந்தையோடு மார்ட்டின். ஆம்புலன்ஸ் நாளுக்குப் பிறகு அவன் வேர்க்கடலை விழுதுப் பாட்டிலைத் தொட்டதே இல்லை.

"எவ்வளவு?" என்றான், என்னைப் பார்க்காமல்.

காட்டினேன். ஸ்பூனை நீட்டினான். தாமார் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துச் சப்பினாள், தீர்ந்ததும் கத்தினாள். அவன் அவள் உதட்டையே வெறித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

"அடுத்தது எப்ப?"

"நாளன்னிக்கு. ஓர்னா வருவா."

"வேணாம்," என்று அறைகிற மாதிரி சொன்னான். "நானே வரேன்."