பசறையில் கச்சதீவு

இலங்கை மலையகத்துப் பசறை பஸ் நிலையத்துத் தேநீர்க்கடை டிவியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் கொதிக்கிறது. இலங்கைக்குக் கொடுத்த கச்சதீவை மீட்டே தீருவேன் என்று ஒரு வேட்பாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். டெல்லியும் கொழும்பைக் கண்டிக்கப் போகிறதாம். ஓட்டு எண்ணும்வரை வெளியுறவுக் கொள்கை மீசையை முறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

பக்கத்து மேசையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வராணி, ஒழுகும் லயத்து வீட்டுக் கூரைக்கு வாங்கிய தார்ப்பாயை மடியில் வைத்தபடி பார்க்கிறார்.

"அந்தத் தீவுல யாருங்க இருக்கா?" என்று என்னைக் கேட்கிறார்.

"யாரும் இல்லைங்க. ஒரு கோயில் மட்டும் இருக்கு."

"அதானே பாத்தேன். அந்தக் காலத்துல ரெண்டு கவர்மெண்டும் பேசி எங்க சனத்த இந்தியாவுக்கு இவ்வளவு, இலங்கைக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுச்சு. எங்க ஆளுகள கூட்டங்கூட்டமா இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனப்ப இப்பிடி எவனும் கத்தலைங்க. நாங்களும் ஆளில்லாத தீவாப் பொறந்திருக்கணும்."