அம்மாவின் கைக்கு ஒரு ரப்பிங் டெஸ்ட்

அந்த யோசனை வந்தபோது என் கையில் இருந்தது ஒரு சிவப்புத் துணி. துணிகளைச் சோதித்துப் பார்க்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே ரப்பிங் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. விரல் மாதிரி ஒரு குச்சி, அதன் நுனியில் வெள்ளைத் துணி. அதைச் சாயத் துணியின்மேல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டியிருந்தால் பெயில். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் அந்தக் குச்சி முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் ஆள்காட்டி விரல் ஒரு குழந்தைச் சட்டையின்மேல் போய்வருவது மாதிரியே இருந்தது.

பக்கத்து மேஜைக்காரியிடம் கேட்டேன். "ஏனுங்க, மனுசத் தோலுக்கு ரப்பிங் டெஸ்ட் எடுத்தா என்னங்க?"

"ஏன், உங்களுக்குச் சாயம் போவுதுங்களா?" என்றாள்.

மாலையில் திருப்பூர் ராயபுரத்து வீட்டுக்குத் திரும்பும்போது என் பை நிறைய வெள்ளைத் துண்டுத் துணிகள், கேட்டு வாங்கியவை.

அம்மாவுக்குச் செக்கிங் வேலை. பிறந்த குழந்தைகளுக்கான வெள்ளை உடுப்புகள் தைக்கிற கம்பெனி. தைத்து வரும் பீஸை விரித்து, விரலை ஓட்டி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து மடித்து வைப்பாள். நாள் முழுக்க அவள் தொடுவதெல்லாம் வெள்ளை.

நீச்சல் கற்றுக்கொள்ளப் போனது நான்தான். அம்மா பை பிடிக்க வந்தவள். கூரை இல்லாத குளம் அது, காலையில் பெண்களுக்கென்று தனி நேரம். நான் ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் என்னுடைய இன்னொரு நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்து, "தள்ளுட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஒரு முங்கு. தலை வெளியே வந்தபோது குளத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள். தெற்கே ஆற்றோரத்து ஊரில் பிறந்தவள் என்பது எனக்குத் தெரியும். நீந்துவாள் என்பது தெரியாது. கல்யாணமாகித் திருப்பூர் வந்தபிறகு ஒரு தடவைகூடத் தண்ணீரில் இறங்கியதில்லையாம்.

நீச்சல் சொல்லித்தருகிற அக்கா வாயில் விசிலை வைத்தபடியே நின்றுவிட்டார். "அக்கா, இத்தன நாளு எங்கீங்க்கா இருந்தீங்க?"

"செக்கிங் டேபிள்லதான்" என்றாள் அம்மா.

நாற்பது தாண்டிய பெண்களுக்கான போட்டி ஒன்று கோடையில் வருகிறது, பேர் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பாவைக் கேட்கணும் என்றும் சொல்லவில்லை. "குடுங்க" என்றாள். எனக்கென்று அம்மா இப்படிச் சட்டென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கென்று கேட்டதோ, சுத்தமாக இல்லை.

அதற்கப்புறம்தான் தோல் தகராறு செய்ய ஆரம்பித்தது. பாதி, குளத்துக் குளோரின் செய்த வேலை. மீதி, எங்கள் போர் தண்ணீரின் உப்பு. போதாததற்கு டேபிளில் பக்கத்தில் நிற்பவள் மோந்து பார்த்து, "என்னங்க்கா, பிளீச்சிங் பட்டறைல சேந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வாசம் போக வேண்டும் என்று அம்மா நீந்தி முடித்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாள். இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையும் போயிற்று. முழங்கைவரை சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்து, விரல் மூட்டுகளில் கோடு கோடாக வெடித்தது. தூக்கத்தில்கூடச் சொறிந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? கெட்டியான க்ரீம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். முதல் அடுக்குப் பீஸிலேயே விரல் நுனி அளவுக்கு எண்ணெய் வட்டங்கள். கையிலும் பஞ்சுத் தூசி ஒட்டிக்கொண்டது. செக்கிங் இன்சார்ஜ் நல்ல மனிதர்தான். "ஏனுங்க்கா, கறையப் பாக்கற ஆளே கறை வெச்சா எப்பிடீங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

க்ரீமை நிறுத்தினாள். அடுத்த வாரமே மூட்டு வெடிப்பு வாய் திறந்தது. ஒரு வெள்ளைச் சட்டையில் கடுகளவு ரத்தம். இந்தத் தடவை இன்சார்ஜ் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

"இன்னொருக்கா ஆச்சுன்னா பேக்கிங்குக்கு மாத்தறத விட்டா எனக்கு வேற வழியில்லீங்க்கா. ஒண்ணு கையப் பாருங்க, இல்லாட்டி நீச்சலப் பாருங்க."

அம்மா வீட்டுக்கு வந்து நீச்சல் உடையை அலசிக் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்து பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்தாள். நான் சண்டைக்குப் போனேன். பேக்கிங் என்றால் என்ன கேவலமா, போட்டிக்கு வேறு பேர் கொடுத்தாயிற்றே என்றேன்.

"டேபிளுக்காகச் சொல்லலட்டி" என்றாள். "பச்சப் புள்ள போடுத உடுப்பு. அதுல போயி ரத்தம் படலாமா?"

கோடைக்கு அதிக நாள் இல்லை. அம்மா தினமும் காலையில் என்னோடு குளத்துக்கு வந்தாள், மறுபடியும் பை பிடிக்க. நான் காலை உதறுவதையல்ல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சிவப்புத் துணி. இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, எந்த க்ரீம் தோலுக்கு நல்லது என்பது. முதலில் கேட்டிருக்க வேண்டியது, எது வெள்ளைத் துணியில் ஒட்டாது என்பது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத்தான் தெரியுமே.

"கையக் குடும்மா."

வீட்டில் இருந்தது, கடையில் சின்ன டியூபாகக் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக விரலில் தடவி, வெள்ளைத் துண்டில் தேய்த்தேன். தேய்த்ததை இஸ்திரி போட்டேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் சூட்டில் வெளியே வந்துவிடும். பிறகு போர் தண்ணீரில் அலசினேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மார்க்கரில் பேர் எழுதிக் கொடியில் கிளிப் போட்டேன். ஓவர்லாக் டெய்லரான அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"என்னட்டி இது, எறும்பு கல்யாணத்துக்குத் தோரணமா?"

தேங்காய் எண்ணெய் பெயில். குளித்தபிறகும் பெயில். கெட்டி க்ரீம் பெயில். தண்ணீராக ஓடும் ஒரு லோஷன், அதுவும் பெயில். நான் பாஸ் என்று வைத்த ஒரு துண்டை அம்மா ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "இந்தா இருக்குல்லா" என்று பெயில் பக்கம் தள்ளினாள். அவளும் மும்முரமாகிவிட்டாள்.

லோஷனை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இரண்டு கைக்கும் தடவினேன். அந்த நேரம் பார்த்து, "நல்ல தண்ணி வந்திருச்சு!" என்று தெருவில் சத்தம். எப்போதாவது வருகிற தண்ணீர், விட முடியுமா? குடத்தை எடுக்க அம்மாவும் எழுந்தாள்.

"நீ கைய நனைக்காத. அப்படியே உக்காரு."

நானும் அப்பாவும் குடம் குடமாகப் பிடித்துத் தூக்கினோம். உள்ளே வரும்போதெல்லாம், மருதாணி வைத்தவள் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா குடத்தை இறக்காமலே நின்று பார்த்தார். "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தா" என்றார். "குடத்த எறக்குங்க, சட்ட நனையுது" என்றாள் அம்மா.

கடைசிக் குடத்தை வைத்துவிட்டு வந்து துணியால் தேய்த்தேன். சுத்தம். இஸ்திரி போட்டேன். சுத்தம். அலசினேன். அப்போதும் சுத்தம். அம்மா ட்யூப்லைட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாஸ். தோல் குடிப்பதற்கு நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குளத்திலிருந்து கம்பெனிக்குப் போகிற பஸ் பயணம் அதற்குப் போதும்.

அதற்கப்புறம் அவள் மறுபடி நீந்துவதற்கான திட்டம் எல்லாம் சேர்ந்து வந்தது. குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் உடம்பை நன்றாக நனைத்துக்கொள்வது, ஏற்கெனவே தண்ணீர் குடித்த தோல் குளோரினைக் குறைவாகத்தான் குடிக்கும். மூட்டுகளில் மட்டும் வாசலின், மினுங்காத அளவுக்கு. ஏறியதும் உடனே குளியல், கைக்குச் சோப்பு கிடையாது. ஈரம் முழுக்கக் காயும் முன் லோஷன். கெட்டி க்ரீமையும் நான் தூக்கிப் போடவில்லை, அதை ராத்திரிக்கு மாற்றினேன். அதன்மேல் போட்டுக்கொள்ளக் காலருக்கு வைக்கிற ரிப் துணியில் அப்பா ஒரு ஜோடி கையுறை தைத்துக்கொண்டு வந்தார். ஒன்றில் கட்டைவிரல் தப்பான பக்கம் இருந்தது. அம்மா அதைத்தான் முதலில் கண்டுபிடித்தாள், ஆனால் மாற்றித் தரச் சொல்லவில்லை.

வெடிப்புகள் மூடின. அப்போதும் அவள் குளத்தில் இறங்கவில்லை. முதலில் டேபிளில் பார்க்க வேண்டுமாம். லோஷன் தடவி, பஸ் ஏறிப் போய், இன்சார்ஜைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே ஒரு வேஸ்ட் பீஸை எடுத்துத் தன் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்துக் காட்டியிருக்கிறாள். அவர் பீஸை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாராம்.

"செரிங்க்கா, நீந்துங்க" என்றாராம். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "அந்த பாட்டல் பேரச் சொல்லுங்க. எங்கூட்டுல அவளுக்கும் பாத்தரம் கழுவிக் கழுவி கை இப்பிடித்தானுங்க கெடக்குது" என்றாராம்.

மறுநாள் காலை சேலைகளுக்கு அடியிலிருந்து நீச்சல் உடை வெளியே வந்தது.

இப்போது மிச்சமிருப்பது வெயில். போட்டி நடக்கப்போவது திறந்த குளத்தில், வெயில் ஏறிய நேரத்தில். பயிற்சியையும் அந்த நேரத்துக்குத் தள்ளினால்தான் உடம்பு பழகும் என்கிறார் நீச்சல் அக்கா. தள்ளிய முதல் ஞாயிறே அம்மாவின் பிடரியும் தோளும் சிவந்து எரிந்தன. சன்ஸ்கிரீனுக்கும் ரப்பிங் டெஸ்ட் எடுத்தேன். தேய்த்தபோது பாஸ், இஸ்திரியிலும் பாஸ். போர் தண்ணீரில் அலசியதும் துண்டு செங்கல் தூள் பட்டது மாதிரி செம்மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் இருக்கும் இரும்பு செய்கிற வேலை என்று நினைக்கிறேன். முகத்துக்குப் போடலாம். டேபிளில் நிற்கும்போது தன்னையறியாமல் கை போகிற பிடரிக்கும் தோளுக்கும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதனால் க்ரீமை விட்டுவிட்டுத் துணிக்கே வந்துவிட்டேன். கழுத்தை மூடிய முழுக்கைச் சட்டை, நீச்சலுக்கென்று. முதலில் தைத்தது அக்குளில் தேய்த்துச் சிவப்புக் கோடு போட்டது. இப்போது அக்குளுக்கு நேரே தையலே வராதபடி, அங்கே ஒரு சின்னத் துண்டு வைத்து, தையலை முன்னும் பின்னும் தள்ளி வெட்டியிருக்கிறேன். அப்பா தைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவிநாசிப் பக்கம் நீச்சல் அக்காவின் தோட்டத்துக் கிணற்றில் சோதனை.

"ரெண்டா வெட்டு" என்றாள் அம்மா.

"இன்னொண்ணு யாருக்கு?"

"நீ போட்டுப் பாக்காம எனக்கு எப்படிட்டி பாஸ் போடுவ? கெணத்துல பிடிச்சுக்கிட்டு நிக்க ஓரத்துச் சுவரு கெடையாது பாத்துக்க."

இரண்டாவது சட்டையும் வெட்டிவிட்டேன். பைக்குள் லோஷன், நல்ல தண்ணீர் ஒரு பாட்டில், நாலு வெள்ளைத் துண்டு. நான் பிடித்து மிதக்க ரப்பர் ட்யூப் ஒன்றையும் வைத்தேன். அம்மா அதை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறாள்.